தெரியாதுப்பா

போன வருஷம் ஆடி மாதம் அப்பாவும் அம்மாவும் அறந்தாங்கியில் இருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்ய மாட்டார்கள் என்பதால் ஒன்றரை மாதம் தங்குவதாக ஏற்பாடு. தாம்பரத்தில் எங்களுடையது இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டுப் பையனை எங்கள் அறைக்குள் இழுத்துக்கொண்டோம். அவர்கள் வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், என் போனில் பெரியவர்கள் போடும் டயப்பருக்கு விளம்பரம் வர ஆரம்பித்தது. கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தால் அதற்குக் கீழே டயப்பர். சமையல் வீடியோவுக்கு நடுவே டயப்பர். நரைத்த தலையோடு ஒருவர் பூங்காவில் பேரனைத் துரத்திக்கொண்டு ஓடுவார், பின்னால் உற்சாகமாக ஒரு பாட்டு ஒலிக்கும்.

எனக்கு வயது நாற்பத்திமூன்று. ராத்திரி சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லிச் சிரித்தேன். "எனக்கு வயசாயிடுச்சுன்னு போனுக்கே தெரிஞ்சுபோச்சு. டயப்பர் வாங்கிக்கோன்னு விடாம சொல்லுது." மனைவியும் சிரித்தாள். "எனக்கும்தான் வருது, நேத்து ரெண்டு தடவை வந்துச்சு" என்றாள். அம்மா கண்ணில் பச்சைத் துணியோடு என்ன ஏது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தோசையில் பாதி மிச்சம் இருந்தது. அதை மடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, போதும் என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். சாப்பாட்டை மிச்சம் வைக்கிற ஆள் இல்லை அவர். வயிறு சரியில்லை போல என்று நினைத்தேன், அதோடு மறந்தும் போனேன்.

மறுநாள் காலை நான் வேலையில் உட்கார்ந்திருந்தபோது வந்து பக்கத்தில் நின்றார். கையில் போன்.

"தம்பி, என் போன்ல நான் பாக்குறது உன் போன்ல தெரியுமா?"

"தெரியாதுப்பா" என்றேன். லேப்டாப்பில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன்.

அந்தப் பதிலைத்தான் அப்போதிருந்து மனதுக்குள் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அரிசிப் பை

இரண்டு மூன்று நாளாகவே மனைவி ஒன்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா விடிகாலை நாலரை மணிக்கே எழுந்து தன் வேட்டியையும் படுக்கை விரிப்பையும் தானே அலசிக் காயப்போட்டுவிடுகிறார், அவளுக்குச் சங்கடமாக இருக்கிறது. "மெஷின்ல போடுங்க மாமா, நான் எதுக்கு இருக்கேன்" என்று சொல்லியும் பார்த்தாளாம். "பழக்கம்மா, கையைக் காலை ஆட்டாம இருந்தா எனக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டாராம். ஊரில் அவர் துணி துவைத்து நான் பார்த்ததே இல்லை. இருந்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை டிரஸ்ஸிங்குக்கு அழைத்துக்கொண்டு மூவரும் கிளினிக் போனபோதுதான், அறையில் மின்விசிறியை நிறுத்தப் போனவன் கட்டில் விரிப்பு ஓரமாகத் தூக்கியிருந்ததைப் பார்த்தேன். விரிப்புக்குக் கீழே, மெத்தைக்கு மேலே, எங்கள் சமையலறையில் காலியான 26 கிலோ அரிசிப் பை ஒன்று இருந்தது. தையலைப் பிரித்து, விரித்து, சுருக்கம் இல்லாமல் நாலு மூலையையும் மெத்தைக்கு அடியில் செருகி வைத்திருந்தார். தபால் பை கட்டிப் பழகிய கை, அவ்வளவு நேர்த்தி. அதன் மேல் அச்சடித்திருந்த நெற்கதிரைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

டயப்பர் விளம்பரம், மடித்து வைத்த பாதித் தோசை, மறுநாள் அவர் கேட்ட கேள்வி எல்லாம் அப்போதுதான் ஒன்றோடொன்று வந்து சேர்ந்தன. அவர் எதையோ தேடியிருக்கிறார், அது என் போனிலும் மருமகள் போனிலும் வந்து நின்றிருக்கிறது. அதை நான் சாப்பாட்டு மேசையில் வைத்து நகைச்சுவை ஆக்கியிருக்கிறேன். யார் என்னிடம் சொன்னார்கள் என்று அவர் ராத்திரி முழுக்க யோசித்திருப்பார்.

அன்று சாயங்காலம் ஏதோ அப்டேட் போட வேண்டும் என்று பொய் சொல்லி அவர் போனை வாங்கினேன். எந்த ஆப் வேவு பார்த்தது என்று கண்டுபிடித்துவிடும் ஆவேசத்தோடுதான் செட்டிங்ஸைத் திறந்தேன். முதல் வரியிலேயே என் பெயர் இருந்தது, அதன் பக்கத்தில் என் போட்டோ.

நாலு வருஷத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் ஒரு கடையில் அந்தப் போனை வாங்கிக் கொடுத்தது நான்தான். அவர் பெயரில் புதிதாக ஒரு கூகுள் கணக்கு திறக்கப் பார்த்தேன். ஓடிபி அவருடைய பழைய பட்டன் போனுக்குப் போனது, அது வீட்டில் சார்ஜில் இருந்தது. எனக்குச் சென்னை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சரி, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று என் கணக்கையே போட்டு, நாலு ஆப்பை ஏற்றிக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஆப்கள் ஒவ்வொன்றும் ஏதோ கேட்டன, நான் எல்லாவற்றுக்கும் 'அனுமதி' என்று தட்டிக்கொண்டே போனேன். கடைப்பையனும் அதைத்தான் சொன்னான்: "எல்லாத்துக்கும் ஓகே குடுத்துடுங்கண்ணே, இல்லாட்டி வேலை செய்யாது." அந்த 'அப்புறம்' நாலு வருஷமாக வரவே இல்லை.

ஆகவே அப்பா தேடியது, பார்த்தது, கேட்டது எல்லாம் நாலு வருஷமாக என் கணக்கில்தான் சேர்ந்துகொண்டிருந்தது. கணக்கின் நடவடிக்கைப் பக்கத்தை என் லேப்டாப்பில் திறந்தாலே போதும், தேதி வாரியாக, மணி வாரியாக வரிசையில் நிற்கும். "என் போன்ல பாக்குறது உன் போன்ல தெரியுமா" என்று அவர் கேட்டதற்கு நேரான பதில், தெரியும் என்பதுதான்.

அங்கேயே மூடியிருக்க வேண்டும், நான் மூடவில்லை. எதைத் தேடினார் என்று மட்டும் பார்த்துக்கொண்டால் டாக்டரிடம் கூட்டிப்போக வசதியாக இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு படித்தேன். அவருக்குத் தட்டச்சு வராது, மைக்கை அழுத்திப் பேசித்தான் தேடுவார். அதனால் வரிகள் எல்லாம் அவர் பேச்சாகவே இருந்தன. ராத்திரி 2.40: 'தூக்கத்தில் தெரியாமல் சிறுநீர் போகிறது என்ன செய்வது'. 2.46: 'பெரியவர் டயப்பர் விலை'. 2.51: 'டயப்பர் போட்டால் வேட்டிக்கு வெளியே தெரியுமா'. பக்கத்தில் அம்மா தூங்கிக்கொண்டிருக்க, போனை வாயருகே வைத்துக் குசுகுசுவென்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரியில் 'சிறுநீர்' என்பது 'சிறு நேர்' என்று பதிவாகியிருந்தது, அடுத்த நிமிடம் அதையே திரும்பச் சொல்லியிருந்தார். நடுவில் 'கண் ஆபரேஷன் முடிந்து தலைக்கு எப்போது குளிக்கலாம்' என்று அம்மாவுக்காக ஒரு தேடல். அப்புறம் மறுபடி 'பிராஸ்டேட் ஆபரேஷன் செலவு'. மருந்து விற்கும் தளம் ஒன்றுக்குள் போய் டயப்பர் பாக்கெட் ஒன்றைக் கூடையில் போட்டுவிட்டு, முகவரி கேட்டதும் வெளியே வந்திருக்கிறார். எங்கள் வீட்டு முகவரிக்கு அதை எப்படி வரவழைப்பார்?

நாலு நாள் படித்தேன். எந்த அனுமதியும் கேட்காமல்.

ஒரே வாசல்

என் போனுக்கு விளம்பரம் வந்ததற்கு இது போதுமான விளக்கம். ஆனால் மனைவியின் போனுக்கு எப்படி வந்தது? அவளுடையது ஐபோன், கணக்கும் வேறு. அவள் கட்சி என்னவோ, போன் நாம் பேசுவதை ஒட்டுக்கேட்கிறது என்பது. நம் வீடுகளில் பாதிப் பேர் அந்தக் கட்சிதான். அமெரிக்காவில் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2018இல் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். யாருக்கும் தெரியாமல் மைக்கைத் திறந்து பேச்சைப் பதிவுசெய்து அனுப்பும் ஆப் ஒன்றுகூட அவர்களுக்குச் சிக்கவில்லை. ஆனால் திரையில் நாம் செய்வதைப் படமாகவும் வீடியோவாகவும் பிடித்து வெளியே அனுப்பிய சில ஆப்கள் சிக்கின. இதை மனைவியிடம் சொன்னால், "அப்ப அது பரவாயில்லையா?" என்றாள். பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. நம் வாயைத் திறக்காமலே இவ்வளவு தெரிந்துவிடும்போது ஒட்டுக்கேட்கும் சிரமம் எதற்கு என்றுதான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டில் நாலு போன், ஒரு டிவி, இரண்டு லேப்டாப். எல்லாமே ஒரே வைஃபை வழியாகத்தான் வெளியே போகின்றன. வெளியில் இருப்பவனுக்கு எல்லாம் ஒரே ஐபி முகவரி, அதாவது ஒரே வாசல். விளம்பரம் உள்ள ஓர் ஆப்பையோ பக்கத்தையோ திறந்தால், அது திரையில் விரிவதற்குள் அந்தச் சின்ன இடத்துக்கு ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. ஏலத்துக்குப் போகும் சீட்டில் போனின் விளம்பர ஐடி (விளம்பரக்காரர்கள் போனை அடையாளம் காணும் எண்), எந்த ஆப், சுமாராக எந்த இடம், எந்த ஐபி என்பதெல்லாம் இருக்கும். ஒரே வாசலில் ராத்திரி வந்து அடையும் போன்களை ஒரே குடும்பம் என்று கட்டிவைத்து விளம்பரம் போடுவது அந்தத் தொழிலில் சாதாரணமான விஷயம். எங்கள் வீட்டு விஷயத்தில் இதுதான் நடந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாதபடி இருப்பதுதான் அந்த ஏற்பாட்டின் அழகு. நோயை வைத்துக் குறிபார்க்கக் கூடாது என்று பெரிய விளம்பர நிறுவனங்கள் தங்களுக்கு விதி வைத்திருக்கின்றன. ஆனால் டயப்பரைச் சோப்பு மாதிரி இன்னொரு சரக்காகப் பார்த்துவிட்டால் விதி என்ன செய்யும்? யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. முதியவர் உள்ள வீட்டில் டயப்பரைக் காட்டினால் விற்கும், அவ்வளவுதான் கணக்கு. அந்த வீட்டுக்குள் ஒருவர் மற்றவர்களிடம் எதையாவது மறைத்து வைத்திருக்கலாம் என்பது அந்தக் கணக்கில் வராது.

மனைவியின் ஐபோனில் 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்ததில் இருந்து ஆப்கள் கட்டாயம் கேட்டாக வேண்டும்: மற்ற நிறுவனங்களின் ஆப்களிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா? வேண்டாம் என்பதற்கான பொத்தானில் இருக்கும் ஆங்கில வாசகத்தைக் கவனித்துப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். 'பின்தொடராதே' என்று அதில் இல்லை. 'பின்தொடர வேண்டாம் என்று இந்த ஆப்பைக் கேட்டுக்கொள்' என்றுதான் இருக்கிறது. கட்டளை அல்ல, வேண்டுகோள். அதைத் தட்டினால் விளம்பர ஐடிக்குப் பதில் வெறும் பூஜ்யங்கள் போகும், அது நிச்சயம். மெயில் முகவரி, போன் நம்பர், ஐபி வழியாக ஆளை அடையாளம் காண்பதற்கும் ஆப்பிளின் விதிகளில் தடை இருக்கிறது, ஆனால் கையைப் பிடித்துத் தடுக்கும் பூட்டு இல்லை. மனைவி எல்லா ஆப்புக்கும் வேண்டாம் என்றுதான் தட்டியிருந்தாள். டயப்பர் அப்படியும் வந்துவிட்டது.

அந்தக் கேள்விக்கே என்ன பாடு பட்டார்கள் என்பதும் நினைவிருக்கும். 2020 டிசம்பரில் ஃபேஸ்புக் அமெரிக்கப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது, சிறு வியாபாரிகளின் பிழைப்புக்காக ஆப்பிளை எதிர்க்கிறோம் என்று. 2022 பிப்ரவரியில், இந்த ஒரு மாற்றத்தால் அந்த வருஷ வருமானத்தில் சுமார் 1,000 கோடி டாலர் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் நிதித் தலைவர் டேவிட் வேனர் கணக்குச் சொன்னார். 'தொடரலாமா' என்று வாய்விட்டு ஒரு முறை கேட்க வைத்ததற்கு ஆன செலவு அது. நம் ஊரில் பெரும்பாலான கைகளில் இருக்கும் ஆண்ட்ராய்டில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. ஆண்ட்ராய்டு 12 வந்த பிறகு விளம்பர ஐடியை நாமே நீக்கிவிடலாம், நீக்கினால் அங்கேயும் பூஜ்யங்கள்தான் போகும். ஆனால் நாமாகத் தேடிப்போய் நீக்க வேண்டும். எத்தனை அப்பாக்கள் தேடிப்போவார்கள்? ஆப்பிளும் ஒன்றும் பச்சைப்பிள்ளை அல்ல. அந்தக் கேள்வியை நடைமுறைப்படுத்திய விதம் சரியில்லை என்று பிரான்சின் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில் அதற்கு 15 கோடி யூரோ அபராதம் போட்டது. மற்றவர்களைக் கிடுக்கிப்பிடி போட்டுவிட்டுத் தன் கடையைத் தளர்வாக வைத்திருந்தது என்பது அங்கே ஒரு முக்கியமான புகார்.

சிறு வியாபாரிகள் பேச்சு முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. என் சித்தப்பா மகன் காரைக்குடியில் முறுக்கும் சீப்புச் சீடையும் போடுகிறான். சிங்கப்பூரில் இருக்கும் செட்டிநாட்டுக்காரர்களின் போனில் தீபாவளிக்கு முன்னால் அவன் விளம்பரம் வரும். "அது இல்லாட்டி என் முறுக்கு செக்காலையத் தாண்டாதுண்ணே" என்பான். உண்மைதான். முறுக்கு விளம்பரம் யார் போனில் வந்தாலும் யார் மானமும் போகாது. டயப்பருக்கும் முறுக்குக்கும் உள்ள இந்த வித்தியாசம் எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும், ஏலம் போடும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

ராகு காலத்துக்கு எதற்கு வாசல் எண்

அப்பா போனை அன்று ராத்திரி முழுக்கக் குடைந்தேன். கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் எப்போது லொகேஷனைத் தொட்டது என்று காட்டும் ஒரு பக்கம் ஆண்ட்ராய்டில் இருக்கிறது. அதில் மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாக நின்றது அவருடைய பஞ்சாங்க ஆப். நான் புதுக்கோட்டைக் கடையில் அவசரத்தில் 'எப்போதும்' என்று கொடுத்துவிட்டு வந்தது. காலையில் ஒரு தடவை நல்ல நேரம் பார்ப்பார், அவ்வளவுதான். அது நாள் முழுக்க அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், பஞ்சாங்கம் இடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சூரிய உதயத்தில் இருந்து அஸ்தமனம் வரை எட்டாகப் பங்கு போட்டு அதில் ஒரு பங்குதான் ராகு காலம். உதயம் ஊருக்கு ஊர் மாறும், அதனால் ஊர் தெரிய வேண்டும். ஆனால் ஊர் தெரிந்தால் போதும். தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் ராகு காலம் மாறிவிடாது. தெருவும் வாசல் எண்ணும் எதற்கு? ஆண்ட்ராய்டு 12இல் இருந்து 'தோராயமான இடம்' என்று ஒரு வழி இருக்கிறது, சுமார் 3 சதுர கிலோமீட்டர் வட்டாரத்தை மட்டும் சொல்லும். அது வருவதற்கு முன்பே நான் துல்லியத்தைத் தாரை வார்த்துவிட்டேன். டார்ச் ஆப் ஒன்றும் இருந்தது. போனிலேயே டார்ச் இருக்கும்போது இது எதற்கு என்று தெரியவில்லை. டார்ச் ஆப்களுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 2013இல் அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி, 'பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்' என்ற டார்ச் ஆப்பைப் பிடித்தது. பயனாளரின் இருப்பிடத்தையும் போனின் அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அது அனுப்பிக்கொண்டிருந்தது. முதல் முறை திறக்கும்போது சம்மதமா இல்லையா என்று கேட்கும். நீங்கள் எதையும் தட்டுவதற்கு முன்பே தகவல் கிளம்பிவிட்டிருக்கும். அந்த மறுப்புப் பொத்தான் சும்மா ஒப்புக்கு இருந்தது.

அப்பா போனில் மறுப்புப் பொத்தான்கள் ஒழுங்காகவே வேலை செய்தன. தட்ட வேண்டியவன் தட்டவில்லை. 2015இல் ஆண்ட்ராய்டு 6 வரும்வரை ஓர் ஆப்பை ஏற்றும்போதே எல்லா அனுமதியையும் மொத்தமாகக் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் ஆப்பே கிடையாது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. இத்தனை வருஷம் பலர் போராடி ஒவ்வொன்றாகக் கேட்க வைத்த கேள்விகளுக்கு, ஒரு கடைக்கவுண்டரில் நின்றுகொண்டு, இன்னொருவருக்காக, ஐந்து நிமிடத்தில் நான் பதில் சொல்லி முடித்திருக்கிறேன். அவர் தொடர்புப் பட்டியலை மூன்று ஆப்களுக்குக் கொடுத்திருந்தேன். அந்தப் பட்டியலில் இருப்பது அவர் நம்பர் அல்ல, அவருக்குத் தெரிந்த நானூறு பேருடைய நம்பர். அந்த நானூறு பேரில் யாரையும் யாரும் கேட்கவில்லை. உடனடிக் கடன் ஆப்கள் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கடன்காரரின் மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் போன் போட்டு அசிங்கப்படுத்தியதை எல்லாம் நாம் பார்த்திருக்கிறோம். அதற்குப் பிறகுதான் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலையும் கால் விவரங்களையும் தொடக் கூடாது என்று சொன்னது.

2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சம்மதத்தைப் பற்றிய பிரிவில் ஓர் உதாரணம் வருகிறது. சட்டப் புத்தகத்தில் எனக்குப் பிடித்துப்போன ஒரே பத்தி அது. ஒரு பெண் டெலிமெடிசின் ஆப் ஒன்றை ஏற்றுகிறாள். அது மருத்துவச் சேவைக்குச் சம்மதம் கேட்கிறது, கூடவே தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது. அவள் இரண்டுக்கும் சரி என்கிறாள். பட்டியல் மருத்துவத்துக்குத் தேவையில்லை, அதனால் அவள் சரி என்று சொல்லியிருந்தாலும் அந்தச் சம்மதம் மருத்துவத்தோடு நின்றுவிடும் என்கிறது சட்டம். அவசரத்தில் ஓகே தட்டுகிறவனுக்காகவே எழுதிய மாதிரி இருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகள் எதிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதில் இருந்து 18 மாதம் அவகாசம். ஒரு குடும்பத்துக்குள் மகன் அப்பாவின் தேடல்களைப் படிப்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. சொந்த, வீட்டு விஷயங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட்டார்கள்.

தபால்காரர்

அப்பா முப்பத்தாறு வருஷம் தபால்காரர். அறந்தாங்கியைச் சுற்றிய கிராமங்களில் எண்பதுகளில் வீட்டுக்கு ஓர் ஆண் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பான். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை முடிந்துவிடாது, திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். அம்மாவிடம் சொல்ல வேண்டியது ஒரு பத்தி, மனைவிக்கு மட்டும் என்று ஒரு பத்தி இருக்கும். அவர் முதலில் கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட்டு, மாமியார் எழுந்து உள்ளே போகும்வரை தண்ணீர் கேட்டு நேரம் கடத்துவாராம். யார் வீட்டில் என்ன கடன், யார் மகன் அங்கே வேறு கல்யாணம் செய்துகொண்டான், யாருக்குக் குழந்தை தங்கவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். எங்கள் அம்மாவுக்கு ஒன்றுகூடத் தெரியாது. போஸ்ட் கார்டைப் பற்றி அவர் சொல்வது இது: "கார்டை யார் வேணா படிக்கலாம், அது திறந்துதான் கெடக்கு. ஆனா படிச்சேன்னு மூஞ்சியில காட்டக் கூடாது."

அவர் முன்னால்தான் நான் எல்லாவற்றையும் தெரிந்த மாதிரி "தெரியாதுப்பா" என்றிருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் மாடியில் வைத்துச் சொன்னேன். போனில் என் கணக்கு இருப்பதை, விளம்பரம் எப்படி வந்திருக்கும் என்பதை, எனக்குத் தெரிந்தவரை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஏலம், ஐபி என்றதெல்லாம் அவருக்குக் கஷ்டமாக இல்லை.

"அதாவது, தபால்காரன் கடுதாசியப் படிச்சுட்டு நேரா கடைத்தெருவுக்குப் போயி, அந்த வீட்டுக்கு இன்னது வேணுமாம்னு சொல்லுற மாதிரி."

"ஆமாப்பா."

"சொன்னதுக்கு அவனுக்குக் காசு."

"ஆமா."

"எங்க காலத்துல சஸ்பென்ட் பண்ணியிருப்பாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே கேட்டார். "அந்தக் கணக்குல இருக்குறத நீ பாத்தியா?"

இந்த முறை அவர் முகத்தைப் பார்த்தேன். "பாத்தேம்ப்பா."

"எத்தனை நாளுது?"

"நாலு நாள்."

"ம்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. கீழே இறங்கும்போது, "டாக்டர் யாரும் இருந்தா பாரு. உங்கம்மாவுக்கு ரெண்டாவது கண்ணு முடியட்டும், அப்புறம் போவோம்" என்றார்.

டாக்டர் விஷயம் சுருக்கமாக: பிராஸ்டேட் வீக்கம்தான். மாத்திரையில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. டயப்பர் விளம்பரம் அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது. வாங்காதவனைத்தான் அது விடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பெயரில் புதுக் கணக்கு திறந்தோம். பழைய தேடல்களை அழித்தேன், அழிக்கிற பொத்தானை அவர் கையாலேயே தட்ட வைத்தேன். ஆப்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினோம். ஒவ்வொரு கேள்வியையும் அவர் உரக்கப் படிப்பார், திண்ணையில் கடிதம் படித்த அதே குரலில். தமிழில்தான் இருந்தது, ஆனாலும் 'தொடர்புகளை அணுக அனுமதிக்கவா' என்பது அவருக்குப் பிடிபடவில்லை. "அணுகுறதுன்னா கிட்டக்க வர்றதா? யாரு, யாரு கிட்டக்க வர்றது?" நானூறு பேர் நம்பரையும் எடுத்துப் பார்ப்பது என்று சொன்னேன். "இவனுக்கு எதுக்கு அது? இவன் நியூஸ் போடுறவன்தானே" என்று சொல்லிவிட்டு வேண்டாம் தட்டினார். மைக் வேண்டுமா என்றால் எதற்கு என்று கேட்டார். தேடுவதற்கு என்றேன். அதற்கு மட்டும் சரி என்றார். ஏழு ஆப்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. புதுக்கோட்டைக் கடையில் நான் ஐந்து நிமிடத்தில் முடித்த வேலை.

கடைசியாகப் பஞ்சாங்கம். உங்கள் இருப்பிடத்தைத் தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டது. தோராயமாகக் கொடுக்கலாம், அது போதும் என்றேன். யோசித்துவிட்டு, அதுவும் வேண்டாம் என்றார். மறுத்ததும் ஆப், சரி, ஊரையாவது தேர்ந்தெடுங்கள் என்று ஒரு நீளமான பட்டியலைக் காட்டியது. சென்னை மேலேயே இருந்தது, விரலால் தள்ளிக்கொண்டே போய்ப் புதுக்கோட்டையைத் தொட்டார். "இப்ப இங்கதானப்பா இருக்கீங்க" என்றேன். "அது அவனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

அவர்கள் ஊருக்குத் திரும்பும்வரை எங்கள் வீட்டில் நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் புதுக்கோட்டைக் கணக்கில்தான் நடந்தன. சில நிமிட வித்தியாசம். அம்மாவின் இரண்டாவது ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது, ராகு காலம் முடிந்துவிட்டது என்று நான் சென்னைக் காலண்டரைக் காட்டியும் கேட்காமல், போனைப் பார்த்தபடி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.